தழைச்சத்தும் பசலையும்

மகாராட்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில் லோணார் என்றோர் ஏரி இருக்கிறது. எரிமலைப் பாறைத் தளத்தின்மீது விண்கல் மோதியதால் உண்டான பள்ளம் அது. விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளே இறங்குகின்றன. வெளியேற வழி கிடையாது. வெயில் மட்டுமே நீரை எடுத்துச் செல்கிறது. உப்பையும் சோடாவையும் அது விட்டுவிட்டுப் போகிறது. எண்ணற்ற கோடைகளில் இவ்வாறு கூடிய காரத்தால் ஏரிநீரின் பி.எச். 10-ஐ ஒட்டி நிற்கிறது. 2020 ஜூன் மாதத்தில் இந்த நீர் திடீரென்று இளஞ்சிவப்பாக மாறியபோது நாடெங்கும் படங்கள் பரவின. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களே அதற்குக் காரணம் என்று புணேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் கண்டு சொன்னது. ஆனால் லோணாரின் வழக்கமான நிறம் பச்சை. யாரும் படமெடுத்துப் பரப்பாத அந்தப் பச்சைதான் இங்கே பொருள்.

பெரும்பாலான உயிர்கள் தாங்காத அந்த நீரில் ஓர் உயிர் செழிக்கிறது. சந்தையில் ஸ்பைருலினா என்றும், தமிழில் சுருள்பாசி என்றும் அறியப்படுவது அது. உயிரியலின் கண்டிப்பான கணக்கில் அது பாசியே இல்லை; ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா இனம். ஆயினும் வளர்ப்பவரும் விற்பவரும் உண்பவரும் பாசி என்றே சொல்கிறார்கள், அறிவியலாளர்களும் நுண்பாசி என்ற பெருங்குடையின்கீழ் அதையும் வைத்துப் பேசுகிறார்கள். மற்றவற்றுக்கு நஞ்சான சோடா நீர் இதற்கு வீடு மட்டுமன்று, உணவும்கூட. கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே அது தனக்கு வேண்டிய கரிமத்தை எடுத்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரியை ஒட்டிய சோடாக் குட்டைகளில் கானெம்பு இனப் பெண்கள் இதை வடித்து, மணலில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, வில்லைகளாக்கிக் குழம்பில் சேர்த்து உண்டு வந்திருக்கிறார்கள். ஊட்டக் கரைசலுக்கு அவர்களிடம் எந்த வாய்பாடும் இல்லை. ஏரியே வாய்பாடாக இருந்தது.

அந்த ஏரியைக் குடுவைக்குள் எழுதி வைத்தவர் கிளாட் ஸரூக். 1966-இல் பாரிஸில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் வகுத்த கரைசல் இன்றும் உலகின் பெரும்பாலான சுருள்பாசி ஆய்வகங்களில் அளவுகோலாக இருக்கிறது. லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, 2.5 கிராம் சோடியம் நைட்ரேட். அரை கிராம் பொட்டாசியம் பாஸ்பேட். ஒரு கிராம் பொட்டாசியம் சல்பேட். ஒரு கிராம் உப்பு. பிறகு மக்னீசியம், கால்சியம், இரும்பு, இன்னும் சில நுண்சத்துகள். ஒரு லிட்டருக்கு இவை சிறிய எண்கள். 10,000 லிட்டர் கொள்ளும் ஒரு நடுத்தரத் தொட்டிக்குப் பெருக்கிப் பார்த்தால் 168 கிலோ சோடாவும் 25 கிலோ நைட்ரேட்டும் வந்து நிற்கும். முதல் நாளில் ஒரு கிராம் பாசிகூட அறுவடை ஆகாத நிலையில் செய்யவேண்டிய முதலீடு இது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சோடாவை லிட்டருக்கு 4.5 கிராமாகவும் நைட்ரேட்டை 1.5 கிராமாகவும் குறைத்து ஒரு கரைசலை வகுத்ததற்கு இந்தப் பெருக்கல் கணக்கே போதுமான காரணம். சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி சுருள்பாசியைக் கிராமத்து அளவுக்குக் கொண்டுவர முயன்றதன் பின்னாலும் இதே கேள்வி இருந்தது: ஏழையின் வீட்டில் வளரவேண்டிய உயிருக்கு ஆய்வகத்துச் சாப்பாடு கட்டுப்படியாகுமா?

இந்தக் கேள்வியின் மையத்தில் இருப்பது நைட்ரஜன். தமிழ் உழவர் வழக்கில் அதற்குத் தழைச்சத்து என்று பெயர். பாஸ்பரஸ் மணிச்சத்து. பொட்டாஷ் சாம்பல் சத்து. வேளாண் துறையின் துண்டறிக்கைகளில் கண்பழகிப் போன இந்த மூன்று சொற்களையும் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். மூன்றாவது பெயர் அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. முதல் இரண்டும் அது எதுவாக ஆகிறது என்பதைச் சொல்கின்றன: இது தழையாகும், அது மணியாகும். இடுகிற பொருள் பயிரின் அளவை மட்டுமன்றிப் பயிர் என்னவாகிறது என்பதையும் தீர்மானிக்கிறது என்னும் புரிதல் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. தழையும் மணியும் வேரும் இல்லாத, நீரில் மிதக்கும் ஓர் இழை உயிருக்கு இது நெல்லைவிடக் கடுமையாகப் பொருந்துகிறது. நெல்லுக்கு மண் என்றொரு சேமிப்புக் கிடங்கு உண்டு. தொட்டிப் பாசிக்கு நேற்றுக் கரைத்ததும் இன்று கரைத்ததும் தவிர வேறெதுவும் கிடையாது.

காற்றின் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தானே, அதை எடுத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்கலாம். இதன் உறவினங்கள் சில எடுத்துக்கொள்கின்றன. வங்காளத்து நெல் வயல்கள் உரமின்றியும் ஆண்டாண்டாக வளம் குன்றாமல் இருப்பதற்கு அங்குள்ள நீலப்பச்சைப் பாசிகளே காரணம் என்று பி.கே. டே 1939-இல் நிறுவினார். சுருள்பாசிக்கு அந்தத் திறன் இல்லை. யாரேனும் ஊட்டித்தான் ஆகவேண்டும்.

எதை ஊட்டுவது? உலர்ந்த சுருள்பாசியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். அப்படியானால் ஒரு கிலோ பாசிக்கு நூறு கிராம் நைட்ரஜன் உள்ளே போயிருக்கவேண்டும். சோடியம் நைட்ரேட்டாகக் கொடுத்தால் இதற்கு 600 கிராமுக்குச் சற்று மேல் தேவை. யூரியாவாகக் கொடுத்தால் 215 கிராம் போதும். எடையில் மூன்றில் ஒரு பங்கு. விலையிலோ பேச்சே வேண்டாம். அரசு மானியத்தில் 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் யூரியா. ஆய்வக நைட்ரேட்டின் விலையைப் பார்த்துவிட்டு வரும் வளர்ப்பாளரின் கண் அதில் விழாமல் இருக்காது.

உடலியல் நோக்கிலும் யூரியாவுக்கு ஒரு நியாயம் உண்டு. நைட்ரேட்டை உட்கொள்ளும் செல் அதை அப்படியே பயன்படுத்த முடியாது, அம்மோனியமாக ஒடுக்கவேண்டும். ஒவ்வொரு நைட்ரேட் அயனிக்கும் எட்டு எலக்ட்ரான்கள் செலவாகும். ஒளியிலிருந்து சம்பாதித்த ஆற்றல் அது. அம்மோனியமோ சமைத்துப் பரிமாறிய சோறு. அதனால்தான் இரண்டும் கலந்து கிடைக்கும்போது பெரும்பாலான பாசிகள் முதலில் அம்மோனியத்தைத் தீர்க்கின்றன. அது இருக்கும்வரை நைட்ரேட்டின் பக்கம் திரும்புவதில்லை. யூரியா உடைந்தால் கிடைப்பதும் அம்மோனியமும் கரியமில வாயுவும்தான். இரண்டுமே பாசிக்கு உணவு.

ஆனால் தொட்டியின் காரம் இங்கே குறுக்கே வருகிறது. பி.எச். 9.25 அளவில் நீரிலுள்ள அம்மோனியத்தில் சரிபாதி, அம்மோனியா என்னும் வளி வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பி.எச். 10-இல் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். மின்சுமை இல்லாத அந்த அம்மோனியா செல் சவ்வைத் தடையின்றிக் கடந்து ஒளிச்சேர்க்கை அமைப்பையே முடக்கும். சுருள்பாசியை அந்நிய உயிர்களிடமிருந்து காக்கும் அதே காரம், அளவு மீறிய யூரியாவை அதற்கே நஞ்சாக்குகிறது. ஒரே வேளையில் அள்ளிக் கொட்டிய தொட்டி மறுநாள் காலையில் மஞ்சளித்து, நுரைத்து, நாற்றமெடுத்து நிற்கும். சிறு அளவாகப் பிரித்து, அறுவடைக்கு ஏற்ப நாள்தோறும் இட்டால் யூரியாவிலும் நன்றாகவே வளர்க்கலாம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைட்ரேட் விலை கூடிய உணவு, பிழையை மன்னிக்கும். யூரியா மலிவானது, மன்னிக்காது. கைக்குழந்தைக்குச் சோறூட்டுபவரின் பொறுமை உடையவருக்கே அது பொருந்தும்.

ஊட்டு என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று உண்ணச் செய்தல். மற்றொன்று நிறம் ஏற்றுதல். செம்பஞ்சுக் குழம்பு ஊட்டுதல், சாயம் ஊட்டுதல் என்னும் வழக்குகளில் இருப்பது அது. நிலத்துப் பயிர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்விரண்டும் ஒரே சொல்லில் ஏன் வந்தன என்று வியப்பாக இருக்கும். பாசித் தொட்டியின் அருகில் வியப்பு எழாது. சுருள்பாசியின் நீலத்துக்குக் காரணம் பைகோசயனின் என்ற நிறமிப் புரதம். நன்றாக ஊட்டப்பட்ட பாசியில் உலர் எடையில் பத்து முதல் இருபது விழுக்காடு வரைகூட இது இருக்கும். ஒளியைப் பிடிப்பது அதன் முதல் வேலை. நைட்ரஜனைச் சேமித்து வைப்பது இரண்டாவது வேலை. கரைசலில் தழைச்சத்து தீர்ந்ததும் செல் முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். நிறமியை உடைத்து, அதிலிருந்து வரும் அமினோ அமிலங்களைக் கொண்டு கொஞ்ச காலம் வாழ்கிறது. நீலம் வடிகிறது. பச்சை வெளிறுகிறது. சில நாள்களில் தொட்டி மஞ்சள் படர்ந்த ஒரு நிறத்துக்கு வருகிறது.

பாசி, பசுமை, பச்சை, பசலை எல்லாம் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். பிரிவால் தலைவியின் மேனியில் படரும் நிற வேறுபாட்டுக்குப் பசலை என்று பெயரிட்ட மொழியில், தழைச்சத்தைப் பிரிந்த பாசியின் நிறத்துக்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை.

பசலை படர்ந்த தலைவிக்கு வளை நெகிழும். பாசியின் கதை இங்கே மாறுகிறது. நைட்ரஜன் தீர்ந்தாலும் வெயில் தீரவில்லை, சோடா தீரவில்லை; ஒளிச்சேர்க்கை சிறிது காலம் தொடர்கிறது. புரதம் கட்ட வழியில்லாத செல், வந்து சேரும் கரிமத்தைக் கிளைக்கோஜனாக, அதாவது மாவுப்பொருளாக அடுக்கி வைக்கிறது. ஆகவே உலர் எடை உடனே குறைவதில்லை. சில நாள்கள் ஏறவும் செய்யும். தராசை மட்டும் நம்பும் வளர்ப்பாளருக்கு எல்லாம் நலமாகத் தெரியும் அந்த நாள்களில், 60 விழுக்காட்டுக்கு மேல் இருந்த புரதம் பாதியளவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரே தொட்டி, ஒரே இனம், ஒரே எடை. பொட்டலத்துக்குள் போவது வேறு பொருள்.

இந்த இயல்பு குறையாகவும் பார்க்கப்பட்டது, வரமாகவும் பார்க்கப்பட்டது. 1949-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்போரும் மில்னரும், குளோரெல்லா என்ற பச்சைப் பாசியின் கொழுப்பை, வளர்ப்புச் சூழலை மாற்றுவதன் மூலமாகவே 5 விழுக்காட்டுக்கும் குறைவான அளவிலிருந்து 85 விழுக்காடு வரை நகர்த்திக் காட்டினார்கள். நைட்ரஜனைக் குறைத்ததே அதில் முதன்மையான திறவுகோல். இதைப் படித்த எவருக்கும் எண்ணெய்க் கிணறு ஒன்று கண்முன் தோன்றாமல் போகாது. எரிபொருள் நெருக்கடிக்குப் பிறகு 1978-இல் அமெரிக்க அரசு தொடங்கிய நீர்வாழ் உயிரினத் திட்டம் அந்தக் கிணற்றைத் தேடியே புறப்பட்டது. 3,000-க்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். சலித்து ஏறத்தாழ 300 ஆக்கினார்கள். நியூ மெக்சிகோ பாலையில் ஆயிரம் சதுர மீட்டர்க் குளங்களில் வளர்த்தார்கள். 1996-இல் திட்டம் மூடப்பட்டது. 1998-இல் வெளியான அதன் நிறைவறிக்கை ஒளிவுமறைவின்றி ஒன்றைச் சொல்கிறது: பட்டினி போட்டால் பாசியின் ஒவ்வொரு செல்லிலும் எண்ணெய் கூடுகிறது, ஆனால் பாசி வளர்வது நின்றுவிடுகிறது, ஆகவே குளத்திலிருந்து நாளொன்றுக்குக் கிடைக்கும் எண்ணெய் கூடவில்லை. சிலிக்கா ஓடு கட்டும் டயட்டம்களுக்குச் சிலிக்காவை மறுத்தபோதும் கதை இதுதான். விழுக்காட்டைப் பார்த்தவர்களுக்கு வெற்றி, குடத்தைப் பார்த்தவர்களுக்குத் தோல்வி. பாசி எரிபொருள் பற்றி இன்றும் வெளிவரும் உற்சாகமான செய்திகளில் பெரும்பாலானவை விழுக்காட்டை மட்டுமே சொல்கின்றன. கூரையில் கொட்டும் மழையின் அடர்த்தியைச் சொல்லிவிட்டு எத்தனை நிமிடம் பெய்தது என்பதைச் சொல்லாமல் விடுவதுபோல.

பட்டினியில் இலாபம் கண்டவர்கள் இல்லாமல் இல்லை. உப்பளங்களில் வாழும் டுனலியெல்லா, உப்பும் வெயிலும் மிகுந்து தழைச்சத்து குறையும்போது உலர் எடையில் பத்து விழுக்காடு அளவுக்குப் பீட்டா கரோட்டினைத் திரட்டிச் சிவக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன் என்னும் உப்பேரியில் அதற்காகவே அது வளர்க்கப்படுகிறது. குறைவாக விளைந்தாலும் கிலோவுக்குக் கிடைக்கும் விலை அங்கே ஈடுகட்டிவிடுகிறது. எரிபொருளுக்கு அப்படி விலை கிடைக்காது.

திரும்பவும் சுருள்பாசிக்கு. இந்தியாவில் இது விற்கப்படுவது பெரும்பாலும் புரதத்தின் பெயரால். பொட்டலத்தின்மேல் 65 விழுக்காடு என்று அச்சிட்டிருக்கும். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பது தனிக்கதை. கோபன்ஹேகனில் ஒரு மதுவடிப்பாலையின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெல்தால் 1883-இல் வகுத்த முறையில் அளக்கப்படுவது புரதம் அன்று, நைட்ரஜன். புரதத்தில் நைட்ரஜன் 16 விழுக்காடு என்ற அனுமானத்தில் 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். பாசியின் நைட்ரஜன் எல்லாம் புரதத்தில் இருப்பதில்லை. மரபணுப் பொருளிலும் நிறமிகளிலும் செல்சுவரிலும் இருக்கிறது, சரியாகக் கழுவாத பாசியானால் ஒட்டிக்கொண்டிருக்கும் அம்மோனியத்திலும் இருக்கும். பல்வேறு நுண்பாசிகளின் அமினோ அமிலங்களை நேரடியாக அளந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வொன்று, 6.25-க்குப் பதிலாக 4.78 என்ற சராசரிப் பெருக்கெண்ணைத் தந்தது. 10.5 விழுக்காடு நைட்ரஜன் உள்ள ஒரே பொடி, பழைய எண்ணில் 65 விழுக்காட்டைத் தாண்டும், புதிய எண்ணில் 50-இல் நிற்கும். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை. 2008-இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இதே ஓட்டையைத்தான்.

ஊட்டம் குறைந்த குழந்தைக்கு இதைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு இரண்டு, மூன்று கிராம். அதில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராமைத் தொடுவதே அரிது. ஒரு கோழிமுட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. ஆக, முட்டை கொடுக்கக்கூடிய இடத்தில் புரதத்துக்காகச் சுருள்பாசி கொடுப்பது பொருளற்றது. அது குழந்தைக்கு உண்மையில் கொண்டுவரக்கூடியது இரும்பும் பீட்டா கரோட்டினும்தான். அவையும் கரைசலைப் பொறுத்தவை. காரம் மிகுந்த நீரில் இரும்பு கரைந்து நிற்காது; துருவாகத் தொட்டியின் அடியில் படிந்துவிடும். ஸரூக்கின் கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்றொரு பொருள் சேர்க்கப்படுவது இரும்பைப் பற்றிக் கரைசலிலேயே நிறுத்துவதற்காக. செலவைக் குறைக்கும் கரைசல்களில் முதலில் விடுபடக்கூடியதும் பெயர் வாயில் நுழையாத இந்தப் பொருள்தான்.

இன்னொன்று, வேண்டாதவற்றையும் பாசி வேண்டியவற்றைப் போலவே பற்றும். பாறை பாஸ்பேட்டிலிருந்து செய்யப்படும் உரங்களில் காட்மியம் சிறிதளவு இருப்பது தெரிந்த செய்தி. வயலில் இட்டால் மண் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைக்கும். தொட்டியில் மண் இல்லை, பாசிதான் இருக்கிறது. அதன் செல்சுவர் உலோகங்களை ஈர்த்துக்கொள்வதில் அவ்வளவு திறமையுடையது என்பதால் கழிவுநீரைத் தூய்மை செய்யவே பாசியைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. வயலுக்கென்று வேப்பெண்ணெய் பூசி மானியத்தில் தரப்படும் யூரியாவையும், வயலுக்கென்று தரம் பிரித்த சூப்பர் பாஸ்பேட்டையும் உணவுத் தொட்டிக்கு மாற்றும்போது இந்த வேறுபாடு மறந்துபோகிறது. சாணவாயுக் கலத்தின் வடிநீரை இடலாம் என்னும் யோசனை சிக்கனமானது, அழகானதும்கூட. ஆனால் அதன் பழுப்பு நிறம் ஒளியை மறிக்கும், அதில் வரும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கவலைப்படவேண்டியிருக்கும். கோழித் தீவனத்துக்கும் வயலுக்கும் அப்படி வளர்ப்பதில் பெரிய தடையில்லை. குழந்தையின் கஞ்சிக்கு வளர்ப்பவர் மலிவை வேறு இடத்தில் தேடுவது நல்லது: சோடாவின் அளவைக் குறைப்பதில், கரியமில வாயுவை வீணாக்காமல் செலுத்துவதில், வடிநீரைத் திரும்பப் பயன்படுத்துவதில்.

கடைசியாகச் சொன்னதற்கும் ஓர் எல்லை உண்டு. அறுவடையின்போது துணியில் பாசி தங்க, கரைசல் தொட்டிக்கே திரும்புகிறது. எடுத்த எடைக்கு ஈடாக நைட்ரேட் இடுகிறார்கள். பாசி நைட்ரேட்டை உண்கிறது. அதனுடன் வந்த சோடியத்தை உண்பதில்லை. பைகார்பனேட்டின் கரிமத்தை உண்கிறது. அதன் சோடியத்தையும் விட்டுவிடுகிறது. மாதங்கள் செல்லச் செல்லத் தொட்டிநீர் கனத்து, வளர்ச்சி தளர்ந்து, ஒருநாள் முழுவதையும் மாற்றவேண்டி வருகிறது. பத்தாயிரம் லிட்டர் சோடா நீர் அப்போது வாசலில் நிற்கிறது. வயலில் விட்டால் மண் இறுகி உவராகும். உத்தரப் பிரதேசத்தின் சோடியம் ஏறிய உசர் நிலங்களைப் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். கிணற்றருகே விட முடியாது. தார்ப்பாய் விரித்த பள்ளத்தில் தேக்கி வெயிலில் வற்றவிடுகிறார்கள் விவரமறிந்தவர்கள். நீர் போய், வெள்ளையாக உப்பும் சோடாவும் தங்குகின்றன, லோணாரின் கரையில் தங்குவதுபோல.